பின்பக்க ஷட்டர்

அந்த ஷட்டர் மேலே ஏறும் சத்தத்தை எங்கள் மருத்துவமனைக்கு ஒருமுறை வந்துபோனவர்கள்கூட மறக்க மாட்டார்கள். சுரங்க டவுன்ஷிப்பை விட்டு வெளியே வந்ததும் சாலையோரத்தில் இருக்கிற தனியார் மருத்துவமனை அது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, பிள்ளையார் படம், அதற்கு வெள்ளிக்கிழமை தோறும் சாமந்தி மாலை. பின்பக்கம், அவசர சிகிச்சை அறையின் ஓரத்தில், துருப்பிடித்த இரும்பு ஷட்டர். இறந்தவர்களை அந்த வழியாகத்தான் வெளியே எடுப்பார்கள். அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் வழக்கம் என்று ஆகிவிட்டால் எழுதி ஒட்டியதைவிட அதிகமாகத்தான் மதிக்கிறோம். டீ கொண்டுவருகிறவர் அந்தப் பக்கம் வர மாட்டார். பஸ்ஸுக்கு ஓடுகிற நர்சுகள்கூட மூச்சு வாங்கச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகத்தான் போவார்கள். வெளியே மரத்தடியில் காத்திருக்கிற சொந்தக்காரர்களிடம் டாக்டர் வந்து சொல்ல வேண்டியதே இருக்காது. ஷட்டர் கிறீச்சிட்டதும் பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

நான் அங்கே ஈ.சி.ஜி. எடுப்பவன். இன்றைக்கும் அதே அறை, அதே வேலை. சட்டையைக் கழற்றிப் படுத்துவிட்டால் அதிகாரியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே மாதிரிதான் விட்டத்தைப் பார்க்கிறார்கள் என்பது இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஞானம். வேறு ஞானம் எதுவும் எனக்கு வாய்க்கவில்லை. கோபம் மட்டும் நிறைய வாய்த்திருக்கிறது. அதில் பெரும்பகுதி எங்கள் டியூட்டி டாக்டரம்மா சம்பந்தப்பட்டது.

டாக்டரம்மா என்றதும் பெரிய உருவமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். என் மகளைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். திருவதிகையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பலாத்தோப்புகளில் கூலிக்குப் போய்ப் படிக்கவைத்த அப்பா. பலாச்சுளை சீசனில் டாக்டரம்மாவின் பை வாசலில் நுழையும்போதே வார்டு முழுக்க மணக்கும். உயரம் குறைவு என்பதால் நின்றுபோன நெஞ்சை அழுத்தும்போது ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்றுதான் அழுத்துவார். பலகையை எடுத்துப் போடுவது எங்கள் அட்டெண்டர் அண்ணனின் வேலை. அவர் வடலூர்க்காரர், எறும்பைக்கூடச் சுற்றிக்கொண்டு நடக்கிற ஆள். "டாக்டரம்மா மேடை ஏறிட்டாங்க, எமன் எறங்கிட வேண்டியதுதான்" என்பார். டாக்டரம்மா அவரை முறைத்துக்கொண்டே சிரிப்பார்.

அன்றைக்கு மதியம், முதல் ஷிப்ட் விட்ட நேரம். ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் நிறுத்தத்திலேயே சரிந்துவிட்டார் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுரங்கத்தில் நிரந்தரத் தொழிலாளி. கூட வந்தவர்கள் எல்லாம் பூட்சும் ஹெல்மெட்டுமாக, உடம்பெல்லாம் சுரங்கத்தூசியாக இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவருடைய மகன் வந்தான். அவனும் சுரங்கத்தில்தான், ஆனால் கான்ட்ராக்ட். கல்யாணமாகாத பையன். பிறகு ஊர் வந்தது. மேல்பட்டாம்பாக்கம் பக்கத்துக்காரர்கள், பெரிய குடும்பம். முன்கூடம் நிறைந்து, படி நிறைந்து, மரத்தடியும் நிறைந்தது.

உள்ளே நாங்கள் நான்கு பேர். டாக்டரம்மா, ஒரு நர்ஸ், அட்டெண்டர் அண்ணன், நான். மானிட்டர் ஒயர்களை ஒட்டியது நான்தான். கோடு தாறுமாறாக ஓடியது. டாக்டரம்மா பலகை மேல் ஏறினார். அழுத்துவதும், மின்சாரம் கொடுப்பதும், மறுபடி அழுத்துவதுமாக நேரம் போயிற்று. தொண்டையில் குழாய் இறக்கி, பலூன் மாதிரியான பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். கதவுக்கு வெளியே குரல்கள் ஏறிக்கொண்டே வந்தன. முதலில் "என்னாச்சி, என்னாச்சி" என்றுதான் கேட்டார்கள். அப்புறம் யாரோ ஒருவர், எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார், "உசிரு போயி எந்நேரமோ ஆச்சி, பில்லு ஏத்தறதுக்கு வச்சிகினு நடிக்கிறானுவ" என்று ஆரம்பித்தார். சினிமாவில் பார்த்தது. அதன்பிறகு கதவில் உதை விழ ஆரம்பித்தது.

நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் அழுதுகொண்டே ஊசி போட்டார். டாக்டரம்மா மட்டும் கதவுப் பக்கம் திரும்பவேயில்லை. அவருடைய நெற்றி வேர்வை நோயாளியின் மார்பில் சொட்டிக்கொண்டிருந்தது. மானிட்டரில் கோடு திடீரென்று ஒழுங்குக்கு வந்தது. டாக்டரம்மா கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். "பல்ஸ் வந்துடுச்சி. இருக்கு. நல்லாவே இருக்கு" என்றார். அந்தக் குரலை நான் இப்போதும் அப்படியே கேட்கிறேன். பரீட்சையில் பாசான பிள்ளையின் குரல். மூச்சு மட்டும் இன்னும் சொந்தமாக வரவில்லை. தலைமாட்டுக்குப் போய்ப் பையைத் தானே வாங்கி அமுக்கத் தொடங்கினார்.

அட்டெண்டர் அண்ணனுக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. அவர் பார்த்தது கதவின் தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு வருவதை மட்டும்தான். உள்ளே வந்தால் இந்தப் பெண்ணை அடிப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, தப்பிக்க வழி வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. இருந்த ஒரே வழி பின்பக்க ஷட்டர். ஓடிப்போய் அதைத் தூக்கிவிட்டார்.

அந்தக் கிறீச்சென்ற சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. வெளியே ஒரு நொடி உதை நின்றது. பிறகு ஒரு பெண்ணின் ஓலம். அடுத்த உதையில் தாழ்ப்பாள் விழுந்தது.

மகன்தான் முதலில் வந்தான். டாக்டரம்மாவின் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். அவர் கையில் பிடித்திருந்த பையோடு நோயாளியின் தொண்டைக் குழாயும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. அவர் ட்ரேயில் மோதிக் கீழே விழுந்தார். விழுந்தவரைக் கன்னத்தில் அறைந்தான். பின்னால் வந்தவர்கள் மானிட்டரைத் தள்ளினார்கள், என்னைச் சுவரோடு வைத்து நெருக்கினார்கள். டாக்டரம்மா தரையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். "பையை அமுக்குங்க. யாராவது பையை அமுக்குங்க." அவர் தன்னை விடச்சொல்லிக் கத்தவில்லை என்பதை நான் திரும்பத் திரும்ப எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். போலீஸ் வந்து கூட்டத்தை விலக்கி எங்களை நோயாளியிடம் விட்டபோது, அமுக்குவதற்குக் காரணம் இல்லாமல் போயிருந்தது.

வழக்குப் பதிவானது. மருத்துவமனை ஊழியரைத் தாக்கினால் சும்மா விடாத சட்டம் இருக்கிறது, ஆனால் அதைவிடப் பழைய ஒன்று எங்கள் பக்கம் இருக்கிறது. அதன் பெயர் காம்ப்ரமைஸ். பையனின் அப்பா ரிட்டையர் ஆவதற்கு முன்னாலேயே இறந்ததால் அவனுக்கு வாரிசு வேலை கிடைக்கும். கான்ட்ராக்டிலிருந்து நேராக பெர்மனென்ட். வழக்கு இருந்தால் கிடைக்காது. "ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துடும்மா" என்று வந்தவர் போனவரெல்லாம் டாக்டரம்மாவிடம் சொன்னார்கள். திருவதிகையில் வீட்டுக்கே போய் அவருடைய அப்பாவிடமும் சொன்னார்கள். அடிபட்ட பெண்ணின் கழுத்தில் சிவப்புக் கோடு இன்னும் மறையவில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

டாக்டரம்மா நான்கு நாள் லீவுக்குப் பிறகு வேலைக்கு வந்துவிட்டார். எல்லாரும் மெச்சினோம். தைரியமான பொண்ணு என்றோம். மெச்சிய வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டு உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போடுவதை விட்டுவிட்டார், சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். எங்கே நின்றாலும் முதுகைச் சுவரில் கொடுத்து நின்றார். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குள் நுழையாமல் பக்கத்துக் கடையோரம் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவதை டீக்கடைக்காரர்தான் எனக்குச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தன் இடது மணிக்கட்டில் வலது விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால், "இல்லண்ணா, சும்மா" என்பார்.

மருத்துவமனையை நடத்திய பெரிய டாக்டர், "இந்தத் தொழில்ல இதெல்லாம் பழகிக்கணும்மா" என்றார். நர்சுகள் மந்திரித்த கயிறு வாங்கிவந்து கட்டினார்கள். ஊரில் இருக்கிற நோய்க்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற இடத்தில், இந்தப் பெண்ணை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவோம் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. வந்திருந்தால் பைத்தியம் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்போம்.

அட்டெண்டர் அண்ணன் வேறு மாதிரி உடைந்தார். தினமும் காலையில் ஒரு பழைய தூரிகையும் எண்ணெயுமாக உட்கார்ந்து ஷட்டரின் இரண்டு பக்கத் தடத்திலும் தடவிக்கொண்டே இருப்பார். தடவித் தடவிச் சத்தமே இல்லாமல் பண்ணிவிட்டார். பிறகும் நிறுத்தவில்லை. ஒருநாள் டாக்டரம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீங்க என்னைக் காப்பாத்தத்தானேண்ணா தெறந்தீங்க" என்றார். அவர் தூரிகையை வைத்துவிட்டுத் தரையில் நெற்றி முட்ட அழுதார்.

பெரிய டாக்டரின் அறையில் காம்ப்ரமைஸ் நடந்தது. பழத்தட்டு, வெற்றிலைபாக்கு, ஒரு சால்வை. ஏதோ நிச்சயதார்த்தம் மாதிரி. முன்னாலேயே பெரிய டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, பல்ஸ் வந்த விஷயத்தை யாரும் பேச்சில் எடுக்கக் கூடாது, எடுத்தால் பழையபடி எல்லாம் கிளம்பும் என்று சொல்லிவைத்திருந்தார். பையனின் மாமா பேசினார். பையன் மொட்டைத் தலையோடு, யாரையும் பார்க்காமல் நின்றான். சால்வையை டாக்டரம்மாவின் மடியில் வைத்துவிட்டு, காலில் விழப் போனவன், பாதியில் நின்று அவர் முகத்தைப் பார்த்தான்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்க. நாங்க உள்ள வரும்போது எங்கப்பா உசிரோட இருந்தாருங்களா?"

பெரிய டாக்டர் மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையை எடுத்து வைத்தார். சொல்லிடுங்கம்மா, சொல்லிடுங்க என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவன் கையால் என்ன செய்தான் என்று அவனுக்குத் தெரியட்டும். அறைந்த கைக்கு அது தெரிய வேண்டாமா?

"இல்ல," என்றார் டாக்டரம்மா. "அதுக்கு முன்னாடியே போயிட்டாரு. எங்களால முடியல."

அவன் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்தான். வழக்கு வாபஸ் ஆனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் வைத்துக் கேட்டேவிட்டேன். பெரிய டாக்டருக்குப் பயந்தா சொன்னீர்கள் என்று. "அவரு கெடக்கறாரு" என்றார். "அந்தப் பையனைப் பார்த்து, உங்கப்பாவைக் கொன்னது நீதான்னு சொல்லிட்டு நான் வீட்டுக்குப் போய் சோறு சாப்பிட முடியுமாண்ணா?" சோறு அப்போதும் அவர் சாப்பிடவில்லை. அதை நான் எடுத்துச் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

அந்தப் பொய் அத்தோடு போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பழத்தட்டோடு வந்தவர்கள் அதை வாயில் போட்டுக்கொண்டு போனார்கள். செத்தவரை வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு நடித்தோம் என்று டாக்டரே ஒத்துக்கொண்டுவிட்டார், தெரியுமா என்று டீக்கடையில் பேசினார்கள், ஷிப்ட் பஸ்ஸில் பேசினார்கள். எங்கள் மருத்துவமனைக்கு வந்த ஒவ்வொரு கூட்டமும் அதைத் தெரிந்துகொண்டுதான் வந்தது. யாரையோ காப்பாற்றச் சொன்ன ஒரு சொல், அடுத்த கூட்டத்தின் கையில் கல்லாகப் போய்ச் சேர்ந்தது.

சில மாதம் கழித்து, மூச்சு நின்ற நிலையில் ஒரு அம்மாளைக் கொண்டுவந்தார்கள். டாக்டரம்மா பலகை மேல் ஏறினார். கதவுக்கு வெளியே ஒரு குரல், கோபமே இல்லாமல், விவரம் சொல்கிற மாதிரி பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது. "இந்தம்மாதான். செத்தவங்களை வச்சிகினு அமுக்கிகினே இருப்பாங்க. அவுங்க வாயாலயே சொன்னாங்களாம்."

டாக்டரம்மாவின் கைகள் நின்றுவிட்டன. உள்ளங்கைகள் மார்பின் மேலேயே இருந்தன, ஆனால் அழுத்தவில்லை. நர்ஸ் "டாக்டர், டாக்டர்" என்றார். பிறகு அவரே டாக்டரம்மாவை மெல்ல இறக்கிவிட்டுத் தான் ஏறி அழுத்தினார். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். டாக்டரம்மா சுவரோரம் உட்கார்ந்து தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கெடைக்கலண்ணா, எனக்குக் கெடைக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன் நாடியைத்தான் சொன்னார். அன்றைக்குத்தான் அவரை முதல்முறையாக நோயாளியாகப் பார்த்தோம். அதற்கு அவர் தரையில் உட்கார வேண்டியிருந்தது.

அதன்பிறகு எங்கள் மருத்துவமனைக்கு அவர் வரவில்லை. வெகுநாள் வீட்டில் இருந்தார். கடைசியில் அவருடைய அப்பாவே பாண்டிச்சேரிக்கு ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். படித்தவர்கள் நாங்கள் இத்தனை பேர் இருந்தோம் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மருந்தும் பேச்சுமாக மெல்ல எழுந்தார். மேல்படிப்புக்குச் சென்னை போனார். பேத்தாலஜி எடுத்தார். சதைத்துண்டையும் ரத்தத்தையும் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற படிப்பு. எமனை இறக்கிவிடுகிற கையை வைத்துக்கொண்டு இதையா எடுப்பது என்று ஃபோனில் சண்டை போட்டேன். "கண்ணாடித்துண்டோட யாரும் வந்து வெளிய நிக்க மாட்டாங்கண்ணா" என்றார்.

இந்த வருடம் மழை தொடங்குவதற்கு முன்னால், ஒரு காலை நேரம், என் அறைக்கு ஈ.சி.ஜி. எடுக்க ஒருவன் வந்தான். நெஞ்சுப் படபடப்பாம். சட்டையைக் கழற்றிப் படுத்த பிறகுதான் முகம் பிடிபட்டது. கொஞ்சம் சதை போட்டிருந்தான். வாரிசு வேலை, குவார்ட்டர்ஸ், கல்யாணம், பெண் குழந்தை எல்லாம் ஆகியிருந்தது. ஜெல் தடவி ஒயர்களை மாட்டினேன். கோடு ஒழுங்காகத்தான் ஓடியது, வேகம்தான் கூட. அவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நீங்க அன்னிக்கி உள்ள இருந்தீங்க இல்லண்ணே?"

"இருந்தேன்."

"அந்தக் கொழாய் வெளிய வந்தப்போ எங்கப்பா இருமுனாருண்ணே. நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். ஒரு வாட்டி இருமுனாரு."

கையில் இருந்த காகிதத்தை நான் கிழிக்க மறந்தேன். தெரிந்திருந்தும் காம்ப்ரமைஸ் அன்றைக்கு ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டாய் என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"இல்லன்னு சொல்லுவாங்கன்னு தெரியுங்க. அவுங்க மூஞ்ச பாத்தாலே தெரிஞ்சிது. அதான் கேட்டேன். எங்க மாமா, ஊர்க்காரங்க எல்லாரும் கேட்டுகினு இருந்தாங்க. அவுங்க வாயால வந்துட்டா எம்மேல பழி இருக்காதுன்னு நெனச்சேன்." மார்பில் ஒட்டியிருந்த ஒயரைத் தொட்டுப் பார்த்தான். "இருக்குதுண்ணே. பாப்பா இருமுனா எழுந்து வெளிய போயிடறேன்."

பாவம் என்று தோன்றியது. பளாரென்று அறையவும் தோன்றியது. இரண்டும் ஒன்றாக வந்தன, எது முதலில் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒயர்களைக் கழற்றாமலேயே என் ஃபோனை எடுத்து டாக்டரம்மாவுக்கு அடித்தேன். யார் வந்திருக்கிறான், என்ன சொல்கிறான் என்று சுருக்கமாகச் சொன்னேன். வேண்டாம் என்றால் வைத்துவிடுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் ஏதோ கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "குடுங்க" என்றார். "ஸ்பீக்கர்ல போடுங்கண்ணா. ரூம் கதவு தெறந்திருக்கா?"

திறந்துதான் இருந்தது. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். ஒயர்கள் மார்பிலிருந்து தொங்கின.

"மேடம், நாந்தாங்க. அன்னிக்கி நாங்க உள்ள வரும்போது எங்கப்பா உசிரோடதாங்க இருந்தாரு. நான்தாங்க உங்களை இழுத்துட்டேன்."

அவர் அழுகிறாரா என்று தெரியவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. "சத்தமா சொல்லுங்க."

அவன் வாசலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு முறை சொன்னான்.